வெறும் பெட்டி

பிரசாந்தினி டீச்சருக்கு வில்கமுவைக்கு இடமாற்றம். வாரம் முழுக்க அங்கேதான் தங்க வேண்டும். அவள் சொன்ன நேரத்தில் சாப்பிட்டு, சொன்ன நேரத்தில் படுத்தே பழகிய கணவன் ரஜீவனுக்கு விடுதலை!

முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, கேம் விளையாட ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் கேட்டான். அதிசயமாக அவளும் கடைக்கு வந்தாள்.

“இது வெறும் பெட்டிதான் சேர். ரேமெல்லாம் நாமதான் போடணும்,” என்றான் கடைக்காரன் பஸ்லி.

“ரேம் இல்லாட்டி?” என்றாள் டீச்சர்.

“திரையில ஒண்ணுமே வராது டீச்சர்.”

“கழட்டுறது லேசா?”

“கிளிப்பைத் தள்ளினா கையோட வந்திரும்.”

“அப்ப இதையே எடுங்க,” என்றாள் கணவனிடம்.

ரஜீவனுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

திங்கட்கிழமை பஸ் ஜன்னலில் அவள் கைப்பையைத் திறந்து காட்டினாள். உள்ளே ரேம்.

“வெள்ளிக்கிழமை கொண்டு வர்றேன். நேரத்துக்குத் தூங்குங்க.”

பஸ் நகர்ந்ததும் பஸ்லியிடம் ஓடினான். “ரேம் ஒண்ணு குடுங்க!”

பஸ்லி தலையைச் சொறிந்தான். “குடுக்க வேணாம்னு டீச்சர் சொல்லிட்டாங்க சேர். வேற கடைக்குப் போயும் வேலையில்ல. இந்த டவுன்ல கம்ப்யூட்டர் கடை வச்சிருக்கிற நாங்க எல்லாருமே அவங்ககிட்ட படிச்சவங்கதான்.”