ஓலைக் குடிலில் ஏசி இல்லை

"இந்தக் காலத்துல எல்லாருக்கும் கடலும் வேணும், ஏசியும் வேணும்!"

கடற்கரை ஓலைக்குடில் விடுதியின் காவலாளிப் பெரியவர் ஆபீஸ் போனில் கத்தினார். "இங்க ஃபேன் மட்டும்தான். தண்ணி உப்புக் கரிக்கும். படுக்கையில மணல், குளியலறையில நண்டு. செல்போன்ல சிக்னல் கிடைக்காது. இதுக்கெல்லாம் சம்மதம்னா வரலாம்."

போனை வைத்ததும் மேனேஜர் பாய்ந்தார். "ஏன் பெரியவரே, வர்ற கஸ்டமரையும் விரட்டுறீங்க?"

"கஸ்டமரா? பேசினது என் மகன். போன வருஷம் எதையும் சொல்லாம வரச்சொன்னேன். நண்டைப் பார்த்தவன், உட்கார்ந்து ரெண்டு வார்த்தை பேசாம அன்னிக்கே கிளம்பிட்டான்."

மேனேஜரின் குரல் இறங்கியது. "இந்தத் தடவை கண்டிப்பா தங்குவார்."

"கிழிச்சான்!" என்ற பெரியவர், தன் அறையில் இரண்டாவது கொசுவலையைக் கட்டப் போனார்.