முழங்காலில் மிச்சமிருந்த ஓட்டம்

கிருபாகரனின் கைக்கடிகாரம், அவருடைய முழங்காலில் இன்னும் எவ்வளவு ஓட்டம் மிச்சமிருக்கிறது என்று காட்டும். ஓட ஓட அது குறைந்துகொண்டே வரும். கோவையில் ஓடுகிறவர்கள் எல்லோரும் இப்போது அதைத்தான் கட்டுகிறார்கள். ஒருமுறை தெருநாய் துரத்தி அரை கிலோமீட்டர் வீணாகப் போனதற்கு அவர் ஒரு வாரம் புலம்பினார். அதன்பிறகு பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடுவதில்லை. மார்கழி மாரத்தானுக்கு மட்டும் போதுமான அளவு பாக்கியிருந்தது. அதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்.

ஒருநாள் காலை குளக்கரையில் முன்னால் நடந்துகொண்டிருந்த அவர் மனைவி வினோதினி, ஈரத்தில் வழுக்கிச் சரிவில் விழுந்தாள். கிருபாகரன் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகுதான் ஓடினார். தயங்கியது ஒரு கணம்தான், ஆனால் விழுந்து கிடந்தபடியே அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் கைக்குக் கட்டுப் போட்டு வெளியே வந்தார்கள். அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார்.

"ரொம்ப வலிக்குதா, வினோ?"

"இல்லீங்க," என்றாள். குரலில் கோபமே இல்லை. "எதுக்குங்க ஓடி வந்தீங்க? நடந்தே வந்திருக்கலாம். நான் அங்கயேதான் கெடந்திருப்பேன்."