முதல் வரியில் தாத்தா

எங்கள் வீட்டு இயந்திரங்களுக்கான ஒவ்வொரு கட்டளைக் கோப்பிலும், யாரைக் கேட்டு நடக்க வேண்டும் என்பதுதான் முதல் வரி. தென்காசி வீட்டில் அந்த வரியில் தாத்தா இருந்தார். அவர் இறந்து ஒன்பது வருடமாகிறது. அந்தப் பெயரில் கை வைக்க ஒருவருக்கும் துணிவில்லை. காபி இயந்திரமும் அவர் கடைசியாகச் சொன்னதையே மதித்து வந்தது: சர்க்கரை வேண்டாம்.

நானும் என் மனைவி நிறைமதியும் ஓசூருக்குக் குடிவந்தோம். கோப்புகளை மூட்டை கட்டிய மென்பொருள் புது வீட்டில் தாத்தாவைத் தேடியது. அவர் இல்லாததால், எல்லா முதல் வரிகளிலும் தானாகவே நிறைமதியின் பெயரைப் போட்டுவிட்டது. என் பெயர் ஏன் இல்லை என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் காபி இயந்திரம், “சர்க்கரை எவ்வளவு?” என்றது. கல்யாணமாகி நான்கு வருடத்தில் அவளைக் கேட்ட முதல் ஆள் அதுதான்.

“மூணு ஸ்பூன்,” என்றாள்.

செய்தி தென்காசிக்குப் போனதும் அம்மா அழைத்தாள். திட்டு விழும் என்று போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன்.

“ஏல, நெசமாவே அவகிட்டயா கேக்குது?”

“ஆமாம்மா.”

அம்மா குரலைத் தாழ்த்தினாள்.

“எனக்கும் இனிப்புக் காபிதாம்ல பிடிக்கும். உங்கப்பாகிட்ட சொல்லு, நாங்களும் வீடு மாறணும். அடுத்த தெருன்னாலும் போதும்.”