மஞ்சள் வந்தால் போதும்

எடமலைப்பட்டி புதூர் ஸ்டாப்பிங்குக்குப் பத்தரை பஸ் வர இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது. பூவரசன் பிரின்டரின் மூடியைத் திறந்தார்.

எட்டு மாதமாகத் துண்டு போர்த்திக் கிடந்த பிரின்டர். கடைசியாக அதில் எடுத்தது ஒரு ரேஷன் கார்டு நகல்.

காலையில் ஹைதராபாத்திலிருந்து மகள் இளவேனில் போனில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். கூடவே ஒரு கட்டளை. அம்மா ஸ்ரீரங்கத்துக்குக் கிளம்புவதற்கு முன் அதைக் காகிதத்தில் எடுத்து அம்மா கையில் கொடுக்க வேண்டும். அதுவரை மூச்சு விடக் கூடாது.

மனைவி பிரேமலதா மூன்று வருடமாக ஒரு வெள்ளிக்கிழமைகூட விடாமல் தாயார் சன்னதிக்குப் போகிறாள். போய் நின்று ஒரே ஒரு விஷயத்தைத்தான் கேட்பாள். அது என்னவென்று வீட்டில் வாய்விட்டுச் சொன்னதில்லை.

மெயின் ரோட்டு ஜெராக்ஸ் கடையில் இது ஐந்து நிமிட வேலை. ஆனால் அங்கே கொடுத்தால் கடைக்காரர் முதலில் பார்த்துவிடுவார். பூவரசனுக்கு அதில் சம்மதமில்லை.

முதலில் ஒரு சோதனைத் தாள் எடுத்தார். நான்கு நிறத்துக்கும் நான்கு படிக்கட்டு வர வேண்டும். கறுப்பு ஒரு படி விடாமல் வந்தது. நீலம், பல் உடைந்த சீப்பு. ரோஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. மஞ்சள் வரவே இல்லை.

விஷயம் வாயிலிருந்து நழுவிவிடுமோ என்ற பயத்தில், அவர் வாயை மூடாமல் பேச ஆரம்பித்தார்.

கூடத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த பிரேமலதா விளக்கம் கேட்கவே இல்லை. ஆனாலும் சொன்னார். உள்ளே இங்குமங்கும் ஓடி மை தெளிக்கிற தலையின் அடியில் முடியைவிடச் சன்னமான துளைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. மையில் பெரும்பங்கு தண்ணீர். மாதக்கணக்கில் தொடாமல் விட்டால் தண்ணீர் பறந்துவிடும், சாயம் மட்டும் துளையின் வாயில் காய்ந்துபோகும். பால் பாத்திரத்தை ஊறப்போடாமல் விட்டால் ஏடு ஒட்டிக்கொள்கிறதே, அந்த மாதிரி.

"பால் பாத்திரத்தை நீங்க என்னைக்குத் தேய்ச்சீங்க?"

பூவரசன் சிரித்தார். தேவைக்கு மேல் சிரித்தார். பிரேமலதா நாரை விட்டுவிட்டு ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள்.

கம்ப்யூட்டரில் சுத்தம் செய்யும் கட்டளையைக் கொடுத்தார். ஸ்ட்ராவில் கடைசிச் சொட்டு ஜூஸை இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். உள்ளே இருக்கும் குட்டி பம்ப் துளைகளிலிருந்து மையை உறிஞ்சுகிறது என்று அதையும் விளக்கினார்.

இரண்டு முறை உறிஞ்சியதில் நீலம் முழுசாக வந்தது. ரோஸில் இரண்டு படிதான் பாக்கி. மஞ்சள் இல்லை.

இதற்கு மேல் இழுத்தால் மைதான் வீணாகும். இழுத்து வராததை ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும்.

இன்வெர்ட்டர் பேட்டரிக்கு வாங்கி வைத்திருந்த டிஸ்டில்டு வாட்டரை எடுத்துவந்தார். குழாய்த் தண்ணீர் கூடாது, அதிலுள்ள உப்பே போய் அடைத்துக்கொள்ளும். டிஷ்யூ காகிதத்தை நான்காக மடித்து நனைத்து, தலைக்கு அடியில் செருகினார். பத்து நிமிடம்.

அந்தப் பத்து நிமிடத்தில் இளவேனில் மூன்று முறை கேட்டுவிட்டாள், கொடுத்தாச்சா என்று.

மஞ்சள் இன்னும் வரவில்லை என்று பதில் போட்டார்.

அவள் ஒரு கேள்விக்குறியை மட்டும் அனுப்பினாள். அதைப் பற்றி யோசிக்க அவருக்கு நேரமில்லை.

டிஷ்யூவை உருவினால், சுங்குடிச் சேலை போல நிறம் நிறமாகப் பொட்டுகள். ஓரத்தில் மிளகளவுக்கு ஒரு மஞ்சள் பொட்டு.

அடுத்த சோதனைத் தாளை ஜன்னலுக்குக் கொண்டுபோனார். வெள்ளைக் காகிதத்தில் மஞ்சள் லேசில் கண்ணுக்குத் தெரியாது, சாய்த்துப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். சாய்த்துப் பார்த்தார். படி, படி, படி. கடைசிப் படிவரை இருந்தது.

"பிரேமா, மஞ்சள் வந்திருச்சு."

பிரேமலதா பூக்கூடையுடன் வாசலுக்கு வந்துவிட்டிருந்தாள். ஒரு காலில் செருப்பு ஏறிவிட்டது. ஒரே நிமிடம் என்று கெஞ்சி நிறுத்தினார். பளபளக்கும் போட்டோ தாளை வைத்தார். படம் விரல்கடை விரல்கடையாக வெளியே வந்தது. மை ஈரம் படாமல் ஓரத்தைப் பிடித்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

அவள் வாங்கி எட்டப் பிடித்துப் பார்த்தாள். தலைகீழாகத் திருப்பியும் பார்த்தாள்.

"பாவம், இவ்ளோ பாடுபட்டீங்க. ஒரு கலர்கூட வரலையே. வெறும் கறுப்பு, அதுவும் திட்டுத் திட்டா."

அப்போதுதான் பூவரசனும் அதைப் பார்த்தார். கறுப்பு. முதல் தாளிலேயே ஒரு படி விடாமல் வந்த கறுப்பு.

காலையிலிருந்து விளக்கிக்கொண்டே இருந்தவர் இப்போது விரலை மட்டும் நீட்டினார். மேல் மூலையில் பொடி எழுத்தில் இருந்த மகளின் பெயரைத் தொட்டுக் காட்டினார். அதன் கீழே, பன்னிரண்டு வாரம் என்று இங்கிலீஷில் இருந்தது. பிறகு விரலைப் படத்தின் நடுவில் இருந்த வெள்ளைத் துளிக்கு நகர்த்தினார்.

பிரேமலதா ஒற்றைச் செருப்புடன் வாசற்படியில் உட்கார்ந்தாள்.

தெருமுனையில் பத்தரை பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. இருவரும் அசையவில்லை.

"ஏங்க," என்றாள். "இப்ப நான் தாயார்கிட்ட போய் என்னத்தைக் கேக்குறது?"