நாற்காலி இல்லை

நூலகத்துக்குப் போன கணவர், பகடைப் பெட்டியோடு கால்மணி நேரத்தில் திரும்பி வந்தார்.

ஆளுக்கொரு வேடம் ஏற்று, மேசையைச் சுற்றி அமர்ந்து, பகடை உருட்டிக் கதையாகவே ஆடும் ஆட்டம் அது. கல்யாணம், வேலை என்று கூட்டாளிகள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டு இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. "நூலகத்துல இன்னிக்கு இந்த ஆட்டம் வெச்சிருக்காங்களாம். அங்கயும் ஆட ஆள் இல்லைன்னா பெட்டியைத் தூக்கிப் போட்டுடறேன்" என்று காலையில் அவரே சொல்லியிருந்தார்.

"என்னங்க, அதுக்குள்ள வந்துட்டீங்க?"

"உட்கார இடமில்லைன்னு சொல்லிட்டாங்க."

மனைவிக்குச் சுருக்கென்றது. அவரைக் கேலி செய்யும் உரிமை அவளுக்கு மட்டுமே உண்டு.

"வயசானவர்னு இளக்காரமா? வாங்க, நான் வந்து கேக்கறேன்!"

"ஐயோ, நீ வேற! நிஜமாவே இடமில்லை. எல்லா மேசையும் நிரம்பி வழியுது!" அவர் முகமெல்லாம் பல்லாக இருந்தது. "வராந்தாவுல புது மேசை போடறாங்க. கதை நடத்த என்னைக் கூப்பிடறாங்க. நாற்காலிதான் இல்லையாம்."

அவள் உள்ளே போய் மடக்கு நாற்காலிகள் இரண்டைத் தூக்கி வந்தாள்.

"ஒண்ணு போதுமே?"

"ராட்சசி வேஷத்துக்கு என்னை விட்டா உங்களுக்கு யாரு இருக்கா? நடங்க!"