மூலையைச் சுற்றும் புயல்

சூவா, பிப்ரவரி 18. வாசிதி உருவாக்கிய புயல் எச்சரிக்கை இணையப் பக்கம் நண்பகலில் வெளியானது. சார்ஜ் இறங்கிக் கிடந்த ஒரு பழைய போனில் மட்டும் அதைச் சோதிக்கவில்லை. இப்போது அந்தப் போன் உயிர்பெற்று, அவள் மேசையில் மற்ற போன்களோடு ஒளிர்கிறது. ஜன்னலுக்கு வெளியே ஈய நிற வானம், தென்னைகள் அசையவில்லை. மற்ற திரைகளில் சிவப்புச் சுழி தன்னைத்தானே சுற்றியபடி கண்டாவு தீவின் மேல் ஏறுகிறது. பழைய போனில் அதே சுழி தன் நடுவைச் சுற்றாமல் திரையின் மூலையைச் சுற்றி, தீவைத் தொடாமல் கடலுக்குள் விலகிப் போகிறது.

"இந்த ஓட்டை போனை இன்னும் யாரு வச்சிருக்காங்க, அக்கா? மியூசியத்துக்குக் குடுங்க" என்கிறான் பக்கத்து மேசை ரவினேஷ்.

"எங்கம்மா வச்சிருக்காங்கடா. கண்டாவுல பாதி ஊரு வச்சிருக்கு."

அம்மாவை அழைக்கிறாள். சித்தி எடுக்கிறாள்.

"புயல்தான் விலகிப் போகுதேடி, படத்துல பாத்தோம். உங்கம்மா வலையோட பவளப்பாறைக்குப் போயிட்டா."

வாசிதி பக்கத்திலிருந்து சுழியின் அசைவை நீக்கி, அது தீவின் மேல் நிற்கும் அசையாத படத்தை ஏற்றுகிறாள்.