பன்னெண்டாவது ஆளோட காலு

பெரிய வியாழக்கெழம, யேசு சீடருங்களுக்குக் கழுவுன மாதிரி, சர்ச்சுல ஃபாதரு பன்னெண்டு பேரு கால கழுவுவாரு. காலனி ஆள அதுல சேத்ததே இல்ல. இந்த வருசம்தான் சின்னப்பன கூப்ட்டாங்க.

கமிட்டித் தலைவரு சிட்டிபாபு தெருவுல நின்னுகினே சொன்னாரு: "சோப்பு போட்டு ரெண்டு தபா கழுவிகினு வா. மானத்த வாங்காத."

ரேணிகுண்டா கம்பெனியிலேர்ந்து லீவுல வந்த சின்னப்பன் மக பிரமிளா கேட்டா: "மத்த பதினொரு பேருக்கும் இத சொன்னாரா நைனா?"

"வுடும்மா. கூப்ட்டாங்களே, அதே போதும்."

அவளே நைனா கால பீர்க்கங்கா நாரால தேச்சி உட்டா. சிட்டிபாபு வரச் சொன்னாருன்னு நைனா முன்னாலயே கெளம்பிட்டாரு.

பூசையில ஃபாதரு சின்னப்பன் கால்ல தண்ணி ஊத்தினதும் தட்டுல கறுப்பா ஓடுச்சி. நாத்தம் தாங்காம பொம்பளைங்க மூக்க மூடிக்கினாங்க.

சிட்டிபாபு ஓடியாந்தாரு. "அவ்ளோ சொல்லியும் இப்டி வந்து குந்திகினியே!"

சின்னப்பன் தல தூக்கல. "கழுவிகினுதான் சார் வந்தேன். நீங்கதான சர்ச்சுக்குப் பின்னாடி கக்கூஸ் அடைப்ப எடுக்கச் சொன்னீங்க? முடிக்கறதுக்குள்ள மணி அடிச்சிட்டாங்க."

ஃபாதரு எழுந்து, இடுப்புல இருந்த துண்ட சிட்டிபாபு கையில குடுத்தாரு. "நீங்க கழுவுங்க."

சிட்டிபாபு மொழங்கால் போட்டாரு. பின்னாலேர்ந்து பிரமிளா கத்துனா:

"சோப்பு போட்டு சார்! ரெண்டு தபா!"